ஆன்டிபாடி வந்த குழந்தைக்கு மட்டும் தான் மேட்ச் ரத்தமா? ரத்தமாற்று கமிட்டிக்கு தாராவிலேர்ந்து ஒரு திறந்த மடல்

ரத்தமாற்று கமிட்டி டாக்டர்களுக்கும் பிளட் சென்டர் பொறுப்பாளருக்கும்,

போன திங்கட்கிழமை தாலசீமியா (ரத்தம் சரியா ஊறாம, அடிக்கடி ரத்தம் ஏத்த வேண்டிய பரம்பரை நோய்) டே கேர் வாசல்ல ஒரு நோட்டீஸ் ஒட்டிருக்கீங்க, மராத்தில ஒண்ணு இங்கிலீஷ்ல ஒண்ணு. ஆர்எச்-கெல் மேட்ச் பண்ண ரத்தம் (ஏ, பி, ஓ, பாசிட்டிவ் நெகட்டிவ் தாண்டி சிவப்பணு மேல இருக்கற இன்னும் சில அடையாளங்களும் ஒத்துப் போற ரத்தம்) இனிமே ஏற்கெனவே ஆன்டிபாடி (ஏத்துன ரத்தத்த அழிக்க உடம்பு போடற எதிர்ப்புப் பொருள்) இருக்கற நோயாளிகளுக்கு மட்டும். மத்த குழந்தைங்களுக்கு ஏபிஓவும் ஆர்எச்-டியும் (அதாவது பாசிட்டிவா நெகட்டிவான்னு) பாத்தா போதும். மூணு மாசத்துக்கு ஒருக்கா பண்ணிட்டிருந்த ஆன்டிபாடி ஸ்கிரீனிங் இனிமே தேவைப்பட்டா தான். டோனரோட வெள்ளையணுவ வடிகட்டற ஃபில்டர் வேணும்னா வெளில வாங்கிட்டு வரணும். கீழ கையெழுத்து, சீல்.

அந்த நோட்டீஸ்படி பாத்தா என் பொண்ணுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அவளுக்கு ரெண்டு ஆன்டிபாடி இருக்கு, அதனால அவ உங்க லிஸ்ட்ல பத்திரமா இருக்கா, நான் பாட்டுக்கு ஃபைல தூக்கிட்டு வந்து ரத்தத்த ஏத்திட்டுப் போயிரலாம். ஆனா அன்னிக்கு பக்கத்து பெட்ல ஒரு பத்து மாசக் குழந்தை படுத்திருந்துச்சு, உல்ஹாஸ்நகர்லேர்ந்து லோக்கல் பிடிச்சு வந்த சிந்திக்கார குடும்பம், அதுக்கு வாழ்க்கைலயே முதல் பேக். என்ன டெஸ்ட் பண்ணீங்கன்னு சிஸ்டர்கிட்ட நான் தான் கேட்டேன், பி பாசிட்டிவ், கிராஸ்மேட்ச் (டோனர் ரத்தத்தையும் குழந்தை ரத்தத்தையும் கலந்து பாக்கறது) ஓகே, அவ்ளோ தான்னாங்க. பத்து வருஷம் முன்னாடி என் பொண்ணுக்கும் இதே வார்த்தையத் தான் சொன்னாங்க. அதான் எழுதறேன்.

நான் டாக்டர் இல்ல, சயன்ல ஒரு கூரியர் ஆபீஸ்ல கணக்கு எழுதறேன். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போறதில்ல, ஆனா இத மத்த அப்பா அம்மாங்களும் படிப்பாங்க, அதனால கொஞ்சம் விளக்கமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

என் பொண்ணுக்கு இப்ப பதினோரு வயசு. முதல் பேக் ஏறும்போது பதினாலு மாசம். அன்னிக்கு அந்த பேக்க மாட்டறதுக்கு முன்னாடி அவ ரத்தத்த முழுசா டைப் பண்ணி எழுதி வெச்சிருக்கணும். சி, சின்ன சி, ஈ, சின்ன ஈ, கே, குறைஞ்சது இந்த அஞ்சாவது. (இதெல்லாம் சிவப்பணு மேல இருக்கற அடையாளங்களோட இங்கிலீஷ் எழுத்துப் பேரு, முதல் நாலும் ஆர்எச், கே தான் கெல்.) ஏன்னா அதுக்கு அந்த ஒரு நாள் தான் சுலபமான நாள், மத்தவங்க ரத்தம் உள்ள போயிட்டா அப்புறம் எப்பவும் டோனரோட செல்லும் சேந்தே தான் ஓடும், எது இவளோடது எது அவங்களோடதுன்னு சாதா டெஸ்ட்ல பிரிக்க முடியாது, டிஎன்ஏ எடுத்துப் பாக்கற டெஸ்டுக்குத் தான் போகணும். அத யாரும் பண்ணல. கேக்கணும்னு எங்களுக்கும் தெரியாது. பி பாசிட்டிவ்னு ஒரு சீட்டு குடுத்தாங்க, நாங்க அத ரேஷன் கார்டு மாதிரி பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருந்தோம்.

ஆறு வயசு வரைக்கும் எல்லாம் ஒழுங்கா தான் போச்சு. மூணு வாரத்துக்கு ஒரு பேக், அந்தக் கணக்குல எண்பது பேக்குக்கு மேல ஏறிருக்கும். அடுத்த பேக்குக்கு வரும்போது ஹீமோகுளோபின் ஒன்பது ஒன்பதரை இருக்கும். அப்புறம் ஒரு தடவ ரத்தம் ஏத்தி ஒன்பதாம் நாள் கண்ணு மஞ்சளா இருக்கு, யூரின் டிக்காஷன் கலர்ல போகுது, புள்ள மாடிப்படி ஏற மாட்டேங்குது. எங்க அத்தை (அவங்க தான் என் மாமியாரும், அந்தக் கதைக்கு அப்புறம் வரேன்) பாத்துட்டு, "ஏட்டி, புள்ளைக்கு மஞ்சக்காமாலல்லா வந்துருக்கு, கீழாநெல்லி அரைச்சுக் குடுட்டி"ன்னாங்க. அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஏன்னா இங்க வந்து காட்டினப்போ டியூட்டி டாக்டரும் அதையே தான் இங்கிலீஷ்ல சொன்னாரு, ஏதோ லிவர் இன்ஃபெக்ஷனா இருக்கும்னு. ஹீமோகுளோபின் 6.8. அதுக்கு என்ன பண்ணீங்க, இன்னொரு பேக் ஏத்துனீங்க. அதே மாதிரி, ஏபிஓ டி மட்டும் பாத்து. அதுவும் பத்தே நாள்ல கரைஞ்சு போச்சு.

மூணாவது தடவ தான் ஒரு ஜூனியர் டாக்டரம்மா, புதுசா சேந்தவங்க, கூம்ப்ஸ் டெஸ்ட் (சிவப்பணுவுக்கு எதிரா ஆன்டிபாடி இருக்கான்னு பாக்கறது) பண்ணலாமேன்னாங்க. 1945ல கண்டுபிடிச்ச டெஸ்ட் அது, அத ஞாபகப்படுத்த புதுசா ஒருத்தர் வேலைக்கு சேர வேண்டியிருந்துச்சு. பாசிட்டிவ். அப்புறம் வெளில ஒரு லேப்ல நாலாயிரத்து ஐநூறு கட்டி எந்த ஆன்டிபாடின்னு கண்டுபிடிக்கற பேனல் டெஸ்ட் பண்ணினோம், பெரிய ஈக்கு ஒரு ஆன்டி-ஈ, அதோட சின்ன சிக்கு ஒரு ஆன்டி-சி. அதாவது அவ உடம்பு, உள்ள வந்த ரத்தத்துல தன்கிட்ட இல்லாத ரெண்டு அடையாளத்தப் பாத்துட்டு எதிரின்னு முடிவு பண்ணி, ஒவ்வொரு பேக்கையும் தேடித் தேடி அழிச்சிட்டிருந்திருக்கு. நாங்க ஏத்துறோம், அது அழிக்குது, அழிஞ்ச செல்லோட இரும்பெல்லாம் லிவர்ல போய் சேருது, அதுக்கு வேற நாங்க தினம் மாத்திரை கரைச்சுக் குடுத்துட்டிருக்கோம்.

அன்னிக்கு ரிப்போர்ட்ட கைல வெச்சுட்டு நான் அழுதுட்டு நின்னப்போ கவுன்டர்ல ஒருத்தர் சொன்னது, "யே தோ ஜெனெடிக் ஹை, க்யா கரேங்கே." இது பரம்பரையா வர்றது, என்ன பண்றதுன்னு. அப்புறம் ஃபார்ம நிரப்பறதுக்காக அடுத்த கேள்வி, சொந்தத்துல கல்யாணமா? ஆமான்னேன். அவர் தலைய ஆட்டின ஆட்டு இன்னும் கண்ணுல நிக்குது.

இந்த ஜெனெடிக்ங்கிற வார்த்தைய வெச்சு தான் எனக்கு உங்ககூட சண்டையே. அத நீங்க கதவ சாத்தறதுக்கு யூஸ் பண்றீங்க. எனக்கு அது தெரிஞ்சப்புறம் தான் கேள்வியே ஆரம்பிச்சுது.

ஆமா, நான் என் அத்தை மகனத் தான் கட்டிருக்கேன். திருநெல்வேலி பக்கம் எங்க சனத்துல அது சாதாரணம், தாராவில லேபர் கேம்ப் பக்கம் வந்து வீடு வீடா கேட்டுப் பாருங்க. எங்க தாத்தாகிட்டேர்ந்தோ ஆச்சிகிட்டேர்ந்தோ ஒரே பீட்டா தாலசீமியா ஜீன் ரெண்டு பக்கமா இறங்கி எனக்கும் அவருக்கும் வந்து ரெண்டும் என் பொண்ணுகிட்ட போய் சேந்துச்சு, அத நான் மறுக்கல, அந்த வலி எனக்கு தினம் இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு எச்பிஏ2 டெஸ்ட் (தாலசீமியா ஜீன் இருக்கான்னு காட்டற ரத்த டெஸ்ட்) பண்ணிருந்தா தெரிஞ்சிருக்கும், இப்ப எங்க சொந்தத்துல எல்லாப் புள்ளைங்களையும் நானே இழுத்துட்டுப் போய் பண்ண வெக்கறேன். ஆனா டாக்டர், அந்த ஜீன் இருக்கறது 11வது குரோமோசோம்ல. ஆர்எச் குரூப்ப முடிவு பண்ற ஜீன் 1வது குரோமோசோம்ல. வெளி ஆன்டிஜென்ன (நான் சொன்ன அந்த அடையாளத்த) பாத்து உடம்பு ஆன்டிபாடி போடுமா போடாதாங்கறதுல பங்கு இருக்கற எச்எல்ஏ ஜீன்கள் 6வதுல. மூணும் வேற வேற சீட்டுக்கட்டு. தாலசீமியா வந்ததுக்கு எங்க கல்யாணம் காரணம். ஆன்டிபாடி வந்ததுக்கு எங்க கல்யாணம் காரணம் இல்ல. அவகிட்ட இல்லாத அடையாளம் இருக்கற ரத்தத்த டைப் பண்ணாம எண்பது தடவ ஏத்துனது தான் காரணம்.

இந்த எச்எல்ஏ சமாச்சாரத்த எனக்குப் புரிய வெச்சதும் அந்த ஜூனியர் டாக்டரம்மா தான் (இப்ப அவங்க இங்க இல்ல). நம்ம உடம்புல சில செல்லு இருக்காம், வெளிலேர்ந்து வந்தத பிடிச்சு, துண்டு போட்டு, அந்தத் துண்ட ஒரு தட்டுல வெச்சு போலீஸ் செல்லுகிட்ட காட்டுமாம், இதப் பாரு, இது நம்ம ஆளான்னு. அந்தத் தட்டு தான் எச்எல்ஏ. தட்டோட வடிவம் ஆளுக்கு ஆள் வேற, அப்பாகிட்டேர்ந்து பாதி அம்மாகிட்டேர்ந்து பாதி. சிலர் தட்டுல ஒரு குறிப்பிட்ட துண்டு கச்சிதமா உக்காரும், போலீஸ் பாத்துரும், ஆன்டிபாடி வந்துரும். சிலர் தட்டுல அது நிக்காம வழுக்கி விழுந்துரும், எத்தனை பேக் ஏத்துனாலும் ஒண்ணும் ஆகாது. ஐரோப்பாவுல நோயாளிங்கள வெச்சுப் பண்ண ஆய்வுகள்ல, கெல் ஆன்டிபாடி வந்தவங்ககிட்ட டிஆர்பி1 11, 13ங்கற எச்எல்ஏ தட்டு வகை அதிகமா இருந்திருக்கு, டஃபி-ஏங்கற இன்னொரு அடையாளத்துக்கு ஆன்டிபாடி வந்தவங்ககிட்ட டிஆர்பி1 04 வகை. ஒரு ஆன்டிபாடி போட்ட உடம்பு ரெண்டாவது மூணாவதும் போட வாய்ப்பு அதிகம். ஆர்எச் நெகட்டிவ் ஆளுக்கு அவசரத்துல பாசிட்டிவ் ரத்தம் ஏத்துனா கூட ஆஸ்பத்திரி நோயாளிங்கள்ல மூணுல ஒருத்தருக்கோ அதுக்கும் கம்மியாவோ தான் ஆன்டி-டி வருதாம், மத்தவங்க தப்பிச்சிடறாங்க. ஜீன் மட்டும் இல்ல, முதல் பேக் எந்த வயசுல, மண்ணீரல எடுத்தாச்சா, ஏத்தும்போது உடம்புல காய்ச்சல் அழற்சி ஏதாவது இருந்துச்சா, இதெல்லாமும் சேரும்.

டாக்டரம்மா, அப்போ அந்த தட்ட டெஸ்ட் பண்ணி என் பொண்ணு எந்த வகைன்னு முன்னாடியே சொல்லிருக்க முடியாதான்னு கேட்டேன். முடியாதுங்க, இதெல்லாம் ஆராய்ச்சி அளவுல இருக்கு, ஒரு குழந்தையப் பாத்து இவளுக்கு வரும் இவனுக்கு வராதுன்னு சொல்ற டெஸ்ட் வார்டுல கிடையாதுன்னாங்க.

இப்ப உங்க நோட்டீஸ மறுபடி படிச்சுப் பாருங்க. நம்ம நாட்டுல வந்த ஆய்வுகள்ல தாலசீமியா நோயாளிங்க நூறு பேர்ல சுமாரா நாலு பேர்லேர்ந்து பத்து பேர் வரைக்கும் ஆன்டிபாடி வந்திருக்கு. அந்த நாலு பேர் யாரு, அந்த பத்து பேர் யாருன்னு யாருக்கும் தெரியாது. அப்போ வர்ற வரைக்கும் காத்திருந்து வந்தவங்களுக்கு மட்டும் மேட்ச் பண்றதுன்னா என்ன அர்த்தம்? பால்கனில கைப்பிடி சுவர் வெக்கறேன், ஆனா விழுந்தவங்க வீட்டுக்கு மட்டும் தான்னு சொல்ற மாதிரி இருக்கு. ஒருக்கா வந்த ஆன்டிபாடி போகாது டாக்டர். டெஸ்ட்ல மறையும், ஆனா போகாது.

மறையும்னு சொன்னேன்ல, அதையும் சொல்லிடறேன். அவளுக்கு எட்டு வயசுல கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம், திருநெல்வேலி பக்கம். ரயில்ல டிக்கெட் கிடைக்காம திரும்பி வர லேட்டாச்சு, அங்கயே ஒரு ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்த வேண்டியதாப் போச்சு. ஆன்டிபாடி இருக்குன்னு நான் வாயால சொன்னேன். அவங்க நல்லவங்க தான், ஸ்கிரீனிங் பண்ணினாங்க, நெகட்டிவ்னு வந்துச்சு. இப்ப இல்லையேம்மா, மும்பைல தப்பா பாத்திருப்பாங்கன்னாங்க. என்கிட்ட காட்ட ஒரு கார்டு கிடையாது, நீங்க குடுத்த டிஸ்சார்ஜ் பேப்பர்ல "டிசிடி பாசிட்டிவ்"னு (அந்த கூம்ப்ஸ் டெஸ்ட் தான்) ஒரு வரி, அதுவும் பாதி அழிஞ்சு போச்சு. சாதா பி பாசிட்டிவ் ஏத்துனாங்க. ஏத்துற நேரத்துல ஒண்ணுமே ஆகல, சிரிச்சுட்டு இருந்தா. எட்டாம் நாள் ரயில்ல வரும்போது குண்டக்கல் தாண்டி பாத்ரூம் போயிட்டு வந்து "அம்மா, மறுபடி காபி கலர்"னா. ஆன்டிபாடி அளவு குறைஞ்சு டெஸ்ட்ல தெரியாமப் போயிருக்கு, ஆனா உடம்பு மறக்கல, அந்த ஆன்டிஜென்ன மறுபடி பாத்ததும் ஒரு வாரத்துல படையே திரட்டிருச்சு. தாதர் வந்து சேர்ற வரைக்கும் அந்த ராத்திரிய நான் எப்படி கழிச்சேன்னு எனக்குத் தான் தெரியும்.

அடுத்தது உங்க தரப்பு காரணம். போன வாரம் நேர்ல வந்து கேட்டப்போ மேட்ச் ரத்தம் கிடைக்கறதே அபூர்வம், எல்லா குழந்தைக்கும் எங்க போறதுன்னு சொன்னீங்க. அபூர்வம்னா என்னன்னு இந்த ஊருக்குத் தெரியும் சார். பாம்பே பிளட் குரூப் இந்த ஊர் பேர்ல தான் இருக்கு, 1952ல டாக்டர் பெண்டேயும் அவர்கூட இருந்தவங்களும் இங்க கண்டுபிடிச்சு லான்செட்ல எழுதுனது, எச் ஆன்டிஜென்னே இல்லாதவங்க, ஓ குரூப் கூட அவங்களுக்கு சேராது, இந்தியால பத்தாயிரத்துல ஒருத்தர் அளவுக்கு தான். அவங்களுக்காக பரேல்ல என்ஐஐஹெச் (ரத்தம் பத்தின தேசிய ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி இடத்துல அபூர்வ டோனர் பட்டியல் இருக்கு, போன் அடிச்சா ஆள் வர்றாங்க, சந்தோஷம்.

என் பொண்ணுக்கு என்ன வேணும்? அப்புறமா டிஎன்ஏ டெஸ்ட் பண்ணி அவ டைப் தெரிஞ்சுது. பெரிய ஈ இல்ல, சின்ன சி இல்ல. அதாவது அதே மாதிரி பெரிய ஈயும் சின்ன சியும் இல்லாத டோனர் வேணும். நம்ம நாட்டு டோனர்கள்ல அப்படி இருக்கறவங்க பத்துல நாலு பேர் அளவுக்கு இருக்காங்க! இந்தியாவுல ரொம்ப சாதாரணமான ஆர்எச் டைப்பே அவளோடது தான். கே ஆன்டிஜென்னோ நம்ம ஆட்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருக்கு தான் இருக்கு, அதனால கே இல்லாத ரத்தம் தேடறது ஒரு தேடலே இல்ல. அப்படி இருந்தும் ஆன்டிபாடி கண்டுபிடிச்ச அந்த வருஷம் என் பொண்ணு பத்தொன்பது நாள் காத்திருந்தா, ஹீமோகுளோபின் அஞ்சுக்கு இறங்கி, மே மாசம் வேற, காலேஜ் லீவு, கேம்ப் எதுவும் இல்ல. உங்க ஃபிரிட்ஜுல அப்போ பி பாசிட்டிவ் இருந்துச்சு. அதுல பத்துக்கு நாலு அவளுக்கு சேர்ற பேக்காவே இருந்திருக்கும், எதுன்னு யாரும் பாத்து வெக்கல. வீடு முழுக்க அரிசி இருக்கு, டப்பால லேபிள் இல்லேன்னு புள்ளய பட்டினி போட்ட கதை.

(அந்த பத்தொன்பது நாள்ல அவ சித்தப்பா, மாமான்னு ஆறு பேர் கைய நீட்டிட்டு வந்து நின்னாங்க. வேணாம்னு திருப்பி அனுப்பினது நீங்க தான், அதுல நீங்க செஞ்சது சரி. நெருங்குன சொந்தக்காரங்க ரத்தத்துல எச்எல்ஏ ஒத்துப் போனா அவங்க வெள்ளையணுவ இவ உடம்பு அந்நியம்னு கண்டுக்காம விட்டுரும், அது இவ உடம்பையே தாக்க ஆரம்பிச்சிரும், கதிர்வீச்சு பண்ணாம ஏத்தக் கூடாது, நாளைக்கு மஜ்ஜை மாத்தணும்னாலும் அது இடைஞ்சல். எங்கள மாதிரி சொந்தத்துல கட்டின குடும்பத்துல அந்த ஆபத்து இன்னும் ஜாஸ்தி. ஆனா அத அன்னிக்கு யாரும் எங்களுக்கு விளக்கல, கூடாதுன்னா கூடாது அவ்ளோ தான். அவ மாமா இன்னும் எங்க ஜாதியப் பாத்து தான் ரத்தம் வேணாம்னாங்கன்னு நினைச்சுட்டிருக்காரு.)

செலவு பத்தி சொன்னீங்க. டோனரோட ரத்த டைப் மாசா மாசம் மாறறதில்ல, பிறந்ததுலேர்ந்து சாகற வரைக்கும் அதே தான், ஜீன்ல எழுதினது. மூணு மாசத்துக்கு ஒருக்கா ரெகுலரா வந்து குடுக்கற டோனர ரெண்டு தடவ டைப் பண்ணி உறுதிப்படுத்தி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா அந்த செலவு முடிஞ்சுது. கணபதிக்கு ஒரு மண்டல் கேம்ப்ல ஒரே நாள்ல நூத்துக்கணக்குல எடுக்கறீங்க, போட்டோ எடுக்கறீங்க, சர்டிபிகேட்டும் டிபன் பாக்ஸும் குடுக்கறீங்க. அதுல திரும்பத் திரும்ப வர்ற முகங்க உங்களுக்கே தெரியும், அவங்கள மட்டும் டைப் பண்ணுங்களேன். இன்னொரு பக்கம் ஆன்டிபாடி வந்த ஒரு குழந்தைக்கு ஆகற செலவையும் கணக்குல எடுங்க, பேனல், அட்மிஷன், கரைஞ்சு போற பேக்குங்க, அதிகமா சேர்ற இரும்புக்கு மருந்து. கணக்கு எழுதறவ சொல்றேன், உங்க நோட்டீஸ்ல செலவு கம்மியாகல, உங்க பக்கத்துலேர்ந்து எங்க பக்கத்துக்கு மாறிருக்கு. ஃபில்டரும் அப்படித் தான், ஒண்ணு எண்ணூறு தொள்ளாயிரம், வீட்டு வேலைக்குப் போற அம்மா மாசம் ரெண்டு வாங்குவாளா? வாங்காம விட்டா டோனரோட வெள்ளையணுவுக்கு குழந்தை குளிர் நடுக்கம் எடுத்து தூக்கித் தூக்கிப் போடும், அதையும் பெட் பக்கத்துல நின்னு பாக்கறது அவ தான்.

இன்னொண்ணு. இத எழுத எனக்கு கை கூசுது, ஆனா எழுதறேன். என் பொண்ணு பொண்ணு. இன்னிக்கு தாலசீமியா பொண்ணுங்க ஒழுங்கா ரத்தமும் மருந்தும் கிடைச்சா வளந்து வேலைக்குப் போய் கல்யாணம் பண்ணி புள்ளையும் பெத்துக்கறாங்க. சின்ன சி ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கற பொண்ணு வயித்துல சின்ன சி இருக்கற குழந்தை வளந்தா, ஆர்எச் நெகட்டிவ் அம்மாவுக்கு ஆகற மாதிரியே அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி தாண்டிப் போய் குழந்தையோட ரத்தத்த அழிக்கும். ஆர்எச்-டிக்காவது வராம தடுக்க ஊசி இருக்கு. இதுக்கு ஊசியும் இல்ல. நெதர்லாந்துல 45 வயசுக்குக் கீழ இருக்கற எல்லாப் பொண்ணுங்களுக்கும் சின்ன சி, ஈ, கே மூணும் பாத்து தான் ரத்தம் குடுக்கறாங்க, ஒரே ஒரு பேக் ஏத்துறதா இருந்தாலும். இங்க வருஷத்துக்குப் பதினேழு பேக் வாங்குற பொண்ணுக்கு அது சலுகையாம். உலக தாலசீமியா கூட்டமைப்போட வழிகாட்டில முதல் பேக்குக்கு முன்னாடியே டைப் பண்ணணும், ஒவ்வொரு தடவையும் ஆர்எச்-கெல் மேட்சும் ஸ்கிரீனிங்கும் வேணும்னு இருக்கு, அந்த புக்கு உங்க டே கேர் அலமாரில கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கறத நான் பாத்திருக்கேன்.

கடைசியா ஒரு கேள்வி. இந்தியாவுல 2012 டிசம்பர்லேர்ந்து ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கு, ரத்தம் ஏத்தி ரியாக்ஷன் ஆனா ஃபார்ம் நிரப்பி நொய்டாவுக்கு அனுப்பணும். என் பொண்ணுக்கு உங்ககிட்ட நடந்த ரியாக்ஷன அனுப்புனீங்களான்னு மூணு தடவ கேட்டேன், ஒவ்வொரு தடவையும் வேற மேஜைக்குப் போகச் சொன்னாங்க. எழுதாத ரியாக்ஷன் நடக்காத ரியாக்ஷன், அப்புறம் "எங்ககிட்ட கேஸ் கம்மி தான்"னு சொல்லி நோட்டீஸ் ஒட்டறது சுலபம் இல்லையா?

நான் கேக்கறது இது தான்.

அந்த நோட்டீஸ எடுங்க. தாலசீமியா குழந்தை எதுவா இருந்தாலும் முதல் பேக்குக்கு முன்னாடி சி, சின்ன சி, ஈ, சின்ன ஈ, கே டைப் பண்ணி ஃபைல் முதல் பக்கத்துல எழுதுங்க, எல்லாருக்கும் ஆர்எச்-கெல் மேட்ச் குடுங்க. உல்ஹாஸ்நகர் குழந்தைக்கு ஒரு பேக் தான் போயிருக்கு, முதல் பேக்குக்கு முன்னாடி எடுத்த கிராஸ்மேட்ச் சாம்பிள் உங்க ஃபிரிட்ஜுல இன்னும் இருந்தா அதுலயே பண்ணிருங்க, தூக்கிப் போடறதுக்குள்ள. ஏற்கெனவே வருஷக்கணக்கா ரத்தம் வாங்குறவங்களுக்கு டிஎன்ஏ டைப்பிங் எப்படி, எப்ப பண்ணலாம்னு ஒரு தேதி போட்டு சொல்லுங்க, ஒரே மாசத்துல முடிக்கச் சொல்லல. ஆன்டிபாடி ஸ்கிரீனிங்ல "தேவைப்பட்டால்"ங்கிற வார்த்தைய எடுத்துட்டு ஒவ்வொரு தடவையும்னு போடுங்க.

ஆன்டிபாடி வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பர்ஸ்ல வெக்கற மாதிரி ஒரு கார்டு குடுங்க, எந்த ஆன்டிபாடி, எப்ப கண்டுபிடிச்சது, இப்ப டெஸ்ட்ல நெகட்டிவ்னு வந்தாலும் இந்த ரத்தம் ஏத்தக் கூடாதுன்னு இங்கிலீஷ்லயும் குடும்பத்தோட மொழிலயும். தமிழ்ல எழுதித் தர நான் ரெடி, காசு வேணாம்.

ஃபில்டர் உங்க கணக்குலயே இருக்கட்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல தாலசீமியாவையும் சேத்திருக்காங்க, எங்க குழந்தைங்க உங்ககிட்ட தர்மம் கேட்டு வரல.

ரெகுலர் டோனர்கள டைப் பண்ணுங்க. நீங்க ஆள் இல்லன்னு சொல்லுவீங்கன்னு தான் முன்கூட்டியே என் வீட்டுக்காரர் 90 ஃபீட் ரோடு பசங்ககிட்ட பேசி வெச்சிருக்காரு, பொங்கல் கேம்ப்ல வருஷா வருஷம் குடுக்கறவங்க, 62 பேர் பேரும் போன் நம்பரும் எழுதிக் குடுத்திருக்காங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா வரவும் கூப்பிட்ட நாள்ல வரவும் சம்மதம்னு கையெழுத்தோட. எங்க சொந்தக்காரங்கள அந்த லிஸ்ட்ல சேக்கல. ஒரு டெக்னீஷியன ஒரு ஞாயித்துக்கிழமை அனுப்புங்க, டீயும் பருத்திப்பாலும் எங்க பொறுப்பு.

என் பொண்ணுக்கு நடந்த ரியாக்ஷன் ரிப்போர்ட் ஆச்சா இல்லையான்னு எழுத்துல சொல்லுங்க, ஆகலேன்னா இப்பவாவது அனுப்பிட்டு அதோட காப்பி ஒண்ணு குடுங்க. அப்புறம் கவுன்டர்ல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க, ஜெனெடிக்னு சொல்லி ஒரு அம்மாவ அனுப்பி விடாதீங்கன்னு. எந்த ஜீன், அதனால என்ன செய்யணும், ரெண்டே நிமிஷம் விளக்கினா போதும், நாங்க புரிஞ்சுக்குவோம்.

வர்ற 28ஆம் தேதி வியாழக்கிழமை காலைல எட்டரைக்கு என் பொண்ணுக்கு அடுத்த பேக். அன்னிக்கு எங்க டே கேர் அப்பா அம்மாங்க பதினாலு பேர் இந்த மடல்ல கையெழுத்துப் போட்டு நேர்ல குடுக்கறோம், டோனர் லிஸ்டும் கூட இருக்கும். அதுக்குள்ள எழுத்துல பதில் வேணும். இல்லேன்னா கமிட்டி கூடற அன்னிக்கு எங்கள்ல ரெண்டு பேருக்கு உள்ள நாற்காலி போடுங்க.

பி பாசிட்டிவ், பெரிய ஈ நெகட்டிவ், சின்ன சி நெகட்டிவ் பொண்ணோட அம்மா,
தாராவி, மும்பை